பொதி அவிழ்த்த கிழமை

அந்தக் கிழமை முழுக்க எனக்கு முதுகு நொந்தது. வலை இழுத்து வந்த நோவில்லை, கருவாடு காயப்போட்டு வந்த நோவுமில்லை. ஒரு கதிரையில் இருந்தபடி ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த நோவு. இருந்த இடத்தை விட்டு அசையாமலே ஒரு ஆள் இவ்வளவு களைக்கலாம் என்று அதற்கு முதல் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

திருகோணமலையில், உள்துறைமுகப் பக்கத்தில், எங்கள் ஆட்களின் கடற்றொழில் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு மண்டபம், ஒரு சின்ன அறை, பின்னால் ஒரு குசினி. அங்கே கூட்டித் துடைப்பதும் தேத்தண்ணீர் போடுவதும் என் வேலை. சங்கக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு என் இடுப்பில்தான் கிடந்தது. தலைவர்கள் மாறினார்கள், செயலாளர்கள் மாறினார்கள், திறப்பு இடம் மாறவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும், அதுவும் ஈச்சிலம்பற்றில், பாதி நாள் வயலில் நின்றுகொண்டு. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீசில் எழுத்துகள் மட்டும் தெரியும். வள்ளங்களின் விலாவில் பெயின்றால் எழுதியிருக்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் பார்த்துப் பார்த்துப் பழகியது. வருவது யாருடைய வள்ளம் என்று தூரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய வீட்டில் வாழ்ந்தால் அந்த எழுத்து தானாக வந்துவிடும்.

சின்ன அறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. சமாதானம் என்று சொன்ன காலத்தில் வெளிநாட்டு உதவியில் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு மனிதர் வந்து அதற்குள் லினக்ஸ் என்பதைப் போட்டுவிட்டுப் போனார். இது இனாமாகக் கிடைப்பது, இதற்காக யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அதைப் பிடித்தது. அதில் வேலை செய்யக் கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். ஒவ்வொரு நாளும் பாதையில் ஏறி வருவாள். கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். என்னை மாமி என்று கூப்பிடுவாள். மேசை துடைக்கிற சாட்டில் அவள் செய்வதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெட்டியை ஏற்றி ஓடவிடுவது, இறக்கி நிறுத்துவது, பட்டியலைத் திறப்பது என்று இவ்வளவும் யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

யுத்தம் திரும்பத் தொடங்கியதும் கடலுக்குப் போக பாஸ் வேண்டும் என்றார்கள். விடிய ஐந்து மணிக்குப் போய்ப் பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அதற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் பாஸ். சில மாதங்களுக்கு ஒருமுறை சங்கம் ஒரு பட்டியல் கொடுத்து அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வள்ளத்தின் இலக்கம். கையால் எழுதிய பட்டியல் எடுபடாது. எழுதிய தாளில் பிறகு யாரையும் செருகலாம் என்று கடற்படை முகாம்காரருக்குச் சந்தேகம். கொம்பியூட்டரில் அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

நான் சொல்லும் அந்தத் தரம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு நாள் போன கரண்ட் திரும்பி வந்தபோது கூடுதலாக வந்து பிரிண்டரை எரித்துவிட்டது. பாஸின் தவணையும் முடிந்தது. குடாவுக்கு மேலால் ஷெல் போய் வந்துகொண்டிருந்தது. மூதூர்ப் பக்கம் விழுந்தால் எங்கள் யன்னல் நடுங்கும். புதுப் பட்டியலுக்கு அடுத்த வெள்ளி மத்தியானம் கடைசி நேரம் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். அதுவரை ஒருவரும் கடலில் இறங்கக்கூடாது.

தலைவர் அலைந்து திரிந்து வேறொரு சங்கத்தில் பாவித்துக் கழித்த பிரிண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கொம்பியூட்டருக்கு அது யாரென்று தெரியவில்லை. கொழும்பு மனிதர் ஒரு சீடியை பஸ்ஸில் அனுப்பினார். அதை வாங்கின அன்றுதான் கிண்ணியாப் பிள்ளை கடைசியாக வந்தாள். புதுப் பட்டியலை அவள் முன்னரே அடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாள், தாளில் எடுப்பதுதான் மிச்சம். சீடிக்குள் இரண்டு பொதிகள் இருக்கின்றன என்று எனக்குக் காட்டினாள். ஒன்று சின்னது, அது பிரிண்டருக்கு. மற்றது பெரியது. சின்னது கேட்டால் மட்டும் பெரியதைப் போட வேண்டும். இவை கடையில் வாங்கும் சாமான் மாதிரிச் செய்து முடித்து வருவதில்லையாம். சட்டைக்குத் துணியும் நூலும் அளவும் அனுப்பினது போல; கட்டளை கொடுத்தால் பெட்டி தானே வெட்டித் தைத்துக்கொள்ளும் என்றாள். இரண்டு பொதியையும் பெட்டிக்குள் இறக்கிவிட்டு, என் கொப்பியில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதினாள். பொதியை அவிழ்க்க ஒரு வரி. உள்ளே போக ஒரு வரி. பெட்டியில் என்ன இருக்கிறது என்ன இல்லை என்று பார்க்கச் சொல்ல ஒரு வரி. தைக்கச் சொல்ல ஒரே ஒரு சொல், மேக். கடைசியில் உரிய இடத்தில் வைக்கச் சொல்ல ஒரு வரி. பிழைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப அவிழ்க்க இன்னொரு வரி. எனக்கு விளங்கட்டும் என்று எல்லாம் வள்ளத்து எழுத்தில், பெரிய எழுத்தில் எழுதினாள். கடைசி வரிக்கு ஒரு இரகசியச் சொல் வேண்டும். அதை எழுதாமல் என் காதுக்குள் சொன்னாள்.

அவள் எழுதி முடிக்கும்போதே பாதையை நிறுத்தப் போகிறார்கள் என்று கதை வந்தது. பேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த நாளிலிருந்து அவளுடைய வாப்பா விடவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். என் மகளாக இருந்தால் நானும் விட்டிருக்கமாட்டேன். கைத்தொலைபேசிகளையும் நிறுத்திவிட்டார்கள்.

டவுனில் வேறு கொம்பியூட்டர்கள் இல்லாமலில்லை. தலைவர் ஏறி இறங்கினார். பாதிக் கடை பூட்டு. திறந்திருந்தவர்கள், இத்தனை ஆட்களின் பெயரும் இலக்கமும் தங்கள் பெட்டிக்குள் வேண்டாம் என்றார்கள். நாளைக்கு யார் வந்து கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும். தலைவர் வேர்த்து விறுவிறுத்து வந்து மண்டபத்தில் இருந்துகொண்டு, “அக்கா, உங்களால ஏலுமோ?” என்று கேட்டார். வாழ்நாளில் முதல் தரம் அவர் என்னிடம் தேத்தண்ணீர் அல்லாத ஒன்றைக் கேட்டார். அறைக் கதவைத் திறந்து கதிரையில் போய் இருந்தேன்.

என் மனுசனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கடலுக்குப் போகாமல் இருக்கத் தெரியாத மனிதர். வீட்டில் மூன்று நாள் இருந்தால் நான்காம் நாள் கதவுப் பூட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டுவார். பாஸ் முடிந்து ஐந்தாம் நாள், எனக்கும் சொல்லாமல் வெளிச்சம் வரும் நேரத்தில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கரைக்குக் கிட்ட இருக்கிற கல்லடிக்கு அப்பால்கூடப் போகவில்லை. தலைக்கு மேலால் ஒரு வெடி போனது. திரும்பி வந்து வாசலில் கால் கழுவினார். கழுவிவிட்டு, சாப்பிட என்ன இருக்கு என்று கேட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயந்த மனிதர் என்றால் திரும்பப் போகமாட்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு பேரும் கடல் கடந்து எங்கேயோ இருந்தார்கள். வீட்டில் நானும் அவரும்தான். அன்று பின்னேரம் நான் அவரோடு ஒரு பேச்சுப் பேசினேன். அதிகம் பேசவில்லை.

“இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பொறுங்கோ. பட்டியல் போகாட்டி, அதுக்குப் பிறகு நீங்கள் எங்கை போனாலும் நான் கேக்கமாட்டன்.”

“ஆர் அடிக்கிறது பட்டியலை?”

“நான்.”

“சரி. அப்ப வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கடலிலை,” என்றார்.

என்னால் ஏலாது என்று அவர் முன்கூட்டியே முடிவு கட்டியதில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று தெரியும். வெள்ளி மத்தியானம் வரை என் கையில். அதற்குப் பிறகு அவர் கையில்.

சனிக்கிழமை சின்னப் பொதியை அவிழ்த்தேன். கொப்பியில் இருந்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமர்த்தினேன். எழுத்துக்கட்டையில் பெரிய எழுத்தை அமர்த்தினால் பெட்டியின் கண்ணாடியில் சின்ன எழுத்து வந்தது. நான் கொடுத்ததை அது குறைத்துப் போடுகிறது என்று நினைத்து மூன்று தரம் அழித்து அடித்தேன். பிறகு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அதுதான் சரி என்று பிறகுதான் தெரிந்தது. சோதிக்கச் சொல்லும் வரிக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சரிந்த கோடும் இருந்தன. புள்ளியைக் கொப்பியில் ஈ இருந்த அடையாளம் என்று விட்டுவிட்டேன். பெட்டி ஒரு வரி போட்டுவிட்டு நின்றுகொண்டது. புள்ளியைப் போட்ட பிறகு ஓடத் தொடங்கியது. வரி வரியாக ஓடியது, தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு. சென்றிப் பொயின்றில் ஆமிக்காரர் ஒவ்வொரு பையாக அவிழ்ப்பது மாதிரி. பிறகு நின்றுவிட்டது.

நின்ற இடத்தில் இருந்த கடைசி நாலு வரியைப் பார்த்து எழுத்தெழுத்தாகக் கடதாசியில் கீறினேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. கிண்ணியாவிலிருந்து முட்டை கொண்டுவந்து விற்கும் ஒரு மனிசி இருந்தா. பாதை ஓடும் நாட்களில் வருவா. என்னோடு நல்ல பழக்கம். அவவிடம் கடதாசியை மடித்துக் கொடுத்து, பிள்ளையிடம் காட்டிப் பதில் வாங்கி வாங்கோ என்றேன்.

துறையில் சோதனைக்கு நின்றவர்கள் அவவைப் பிடித்துவிட்டார்கள். முட்டைக் கூடைக்கு அடியில் இங்கிலீசு எழுத்தும் கோடும் புள்ளியும் நிறைந்த ஒரு கடதாசி. அதில் ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காதது எல்லாம் அந்த நாட்களில் ஆபத்தானதுதான். பாதி நாள் வெயிலில் இருத்தி வைத்து, யார் தந்தது, யாருக்கு, என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். அவ என் பெயரைச் சொல்லவில்லை. கொம்பியூட்டர் படிக்கும் பிள்ளையின் பாடம் என்று சொல்லித் தப்பியிருக்கிறா. கடதாசியைக் கிழித்துப் போட்டுத்தான் விட்டார்கள். முட்டையில் பாதி வெயிலில் பழுதாகிவிட்டது.

அடுத்த நாள் வந்தபோது அவவைப் பார்க்கவே எனக்கு முகமில்லை. அவ கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினா.

“உங்கட பெட்டிக்கு வாயில்லையா? வாயால சொல்லக்கூடியதா ஏதும் இருந்தாத் தாங்க. கடதாசி இனி வேணாம். நான் முட்டைக்காரி, தபால்காரி இல்ல.”

ஆனாலும் கடதாசி கிழிபடும் முன் அதில் பெரிதாக இருந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறா. பிள்ளை சொன்ன பதிலையும் வாயில் கொண்டுவந்தா. சின்னது பெரியதைக் கேட்கிறது, முதலில் பெரியதைப் போடவும், நேரம் எடுக்கும், பொறுமையாக இருக்கவும். அவ்வளவுதான். வாயில் அவ்வளவுதான் கொண்டுவர ஏலும். அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் இன்றைக்கும் தீரவில்லை.

திங்கட்கிழமை பெரிய பொதியை அவிழ்த்தேன். சோதித்துப் பார்த்தது, ஒன்றும் குறை சொல்லவில்லை. மேக் என்று அடித்தேன். வரிகள் வரத் தொடங்கின. வந்தன, வந்துகொண்டே இருந்தன. நான் குசினிக்குப் போய் வந்தேன், மண்டபம் கூட்டினேன், யன்னல் துடைத்தேன். அது முடியவில்லை. பெட்டிக்குள் விசிறி கத்தியது. கிழட்டுப் பெட்டி, பாவம், அதன் வயதுக்கு அது பெரிய சுமை. மூன்றரை மணித்தியாலம் போனபோது கரண்ட் போய்விட்டது. கந்தளாய்ப் பக்கத்தில் கம்பியில் பிழையாம் என்றார்கள். அப்படித்தான் எப்போதும் சொல்வார்கள். கரண்ட் போனால் தாங்குவதற்குப் பற்றறி வைக்கிற கறுப்புப் பெட்டி ஒன்றும் அருகில் இருந்தது, ஆனால் பற்றறி இல்லை. பற்றறி கொண்டுவர விடாத காலம்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அடுப்பில் வைத்த உலை பாதியில் நின்றால், ஷெல் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடியதாலோ, விறகு நனைந்ததாலோ, என்னவென்றாலும், அந்த உலையைத் திரும்ப ஏற்றமாட்டோம். கோழிக்குப் போட்டுவிட்டுப் புது அரிசி களைவோம். திரும்ப ஏற்றிய சோறு வயிற்றில் தங்காது என்று என் தாய் அப்படிச் செய்தா, நானும் அப்படியே செய்தேன். அரிசிக்கு இழுபறிப்பட்ட நாட்களிலும் மாற்றவில்லை. அதனால் கரண்ட் திரும்பி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. பிழைத்தால் அழிக்கச் சொல்லிக் கொப்பியில் ஒரு வரி இருக்கிறதே. பாதியில் நின்றது பிழைத்ததுதானே. எல்லாவற்றையும் அழித்தேன். திரும்ப அவிழ்த்தேன். முதலிலிருந்து தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணித்தியாலம் ஓடியது, போய்விட்டது. அழித்தேன். அவிழ்த்தேன். பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் ஓடியது, போய்விட்டது. அழித்தேன். புதன்கிழமை காலை ஒரு மணித்தியாலம், அழித்தேன், பின்னேரம் மூன்று மணித்தியாலம். ஒவ்வொரு தரமும் எந்த வரியில் நின்றது என்று கொப்பியில் கீறி வைத்தேன், அடுத்த தரம் அதைத் தாண்டுகிறதா என்று பார்க்க. தாண்டின நாளிலும் முடிவு வரவில்லை. சங்கத்தில் ஒரு ஜெனரேற்றர் கிடந்தது. அதற்கு எண்ணெய் இல்லை.

தலைவர் வந்து கதவடியில் நிற்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், போய்விடுவார். சங்கத்து ஆட்கள் மண்டபத்தில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, அக்கா அதுக்குள்ள படம் பார்க்கிறா போலை என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவருக்குத் தேத்தண்ணீர் கிடைத்திருக்காது, அவருக்கும் அது தெரியும்.

வீட்டுக்குப் போனால் என் மனுசன் வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருப்பார். பொத்த ஒரு கிழிசலும் இல்லாத வலை. புதன்கிழமை பின்னேரம் வள்ளத்துக்குத் தார் பூசியிருந்தார். கையெல்லாம் கறுப்பு. சோறு போட்டேன்.

“இண்டைக்கும் அழிச்சியோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“வெடி போட்டாங்கள் எண்டு நான் வள்ளத்தை அழிச்சனானே? திருப்பினன், வந்தன். உனக்கு எல்லாத்தையும் அழிச்சாத்தான் நித்திரை வரும்.”

நக்கல்தான் அடித்தார். அவருக்குக் கொம்பியூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கோப்பையைக் கழுவினேன்.

வியாழக்கிழமை காலையில் நான் போனபோது கரண்ட் இருந்தது. பெட்டியை ஏற்றினேன். கரண்ட் தட்டி நின்ற பெட்டியை ஏற்றினால் உடனே எழும்பாது, தன் உடம்பை ஒருதரம் தடவிப் பார்க்கும், ஏதும் உடைந்ததா என்று. அதற்குக் கால் மணித்தியாலம். நான் கதிரையில் சாய்ந்திருந்தேன். புதன் பின்னேரம் நின்ற வேலை பாதியில் கிடந்தது, இன்னும் அழிக்கவில்லை. அழிக்கும் வரி நீளமான வரி. அதை அடிக்க வேண்டும், பிறகு அவிழ்க்கும் வரி, உள்ளே போகும் வரி, சோதிக்கும் வரி. எனக்குக் கை தூக்க ஏலவில்லை. மனுசன் சொன்னதை நினைத்தேன் என்று சொன்னால் பொய். ஒன்றையும் நினைக்கவில்லை. அலுத்துப் போனேன், அவ்வளவுதான். உள்ளே போகும் வரியை மட்டும் அடித்து, மேக் என்ற நாலு எழுத்தை அடித்தேன். வயிற்றில் தங்காவிட்டால் தங்காமல் போகட்டும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வரி வந்தது. கொப்பியைப் பார்த்தேன். புதன்கிழமை நின்ற இடத்தில் நான் கீறி வைத்த அதே வரி. முன்னால் இருந்த மூன்று மணித்தியாலத்தை அது தொடவே இல்லை. செய்ததைச் செய்ததென்று விட்டுவிட்டு, விட்ட இடத்தில் தொடங்கி நடந்துகொண்டிருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கதிரையில் இருந்தபடி கோபப்பட்டேன், யாரில் என்று தெரியாமல். மூன்று நாளும் அது வைத்திருந்ததை நான்தான் என் கையால் அழித்திருக்கிறேன். ஈச்சிலம்பற்றிலிருந்து ஓடி வந்து, திரும்பிப் போய், திரும்ப ஓடி, எத்தனை தரம் நாங்கள் நாலு கப்பு நட்டுக் கொட்டில் போட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். கிடந்த சுவரில் கூரை போட்டிருக்கலாம் என்று ஒரு தரமாவது யோசித்தோமா, அல்லது யோசிக்க விட்டார்களா, எனக்குத் தெரியாது. ஒரு இரும்புப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கென்ன, அதை யாரும் எழுப்பிக் கலைப்பதில்லை.

பத்தரைக்குக் கரண்ட் போனது. நான் அசையவில்லை. ஒரு மணிக்குத் திரும்பி வந்தது, மேக் அடித்தேன், விட்ட இடத்தில் பிடித்தது. மூன்றரைக்குப் போனது. அன்று திரும்பவில்லை.

வெள்ளி விடிய ஆறு மணிக்கெல்லாம் சங்கத்தைத் திறந்தேன். வரும்போது என் மனுசன் வள்ளத்தடியில் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைக் கூப்பிடவில்லை. எட்டே முக்காலுக்குப் பெரிய பொதி முடிந்தது. முடிந்தால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லவில்லை. வரி வருவது நின்று, சின்னக் கோடு ஒன்று நின்ற இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. கோபமான வரி எதுவும் இல்லாததால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

உரிய இடத்தில் வைக்கும் வரியை அடித்தேன். இரகசியச் சொல்லைக் கேட்டது. அடித்தேன். கண்ணாடியில் ஒரு எழுத்தும் விழவில்லை. திரும்ப அடித்தேன், விழவில்லை. கட்டை செத்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டியை இறக்கி ஏற்றலாமா என்று கை போனது. ஏற்றினால் கால் மணித்தியாலம் தடவிப் பார்க்கும், அதற்குள் கரண்ட் போகலாம். கையை எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை அடிப்பதை எத்தனை தரம் துடைக்கிற துணியோடு நின்று பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். அவள் அந்த நேரத்தில் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு அடிப்பாள். இரகசியச் சொல் என்றால் பெட்டிக்கும் அதைக் காட்ட வெட்கம் போல. மூன்றாம் தரம், முதல் அடித்ததை அழிக்கும் கட்டையால் அழித்துவிட்டு, எழுத்து விழுகிறதா என்று பார்க்காமல், சொல்லை முழுதாக அடித்து முடித்துப் பெரிய கட்டையைத் தட்டினேன். உள்ளே விட்டது.

அதன் பிறகு சின்னப் பொதி. சோதித்தது, இந்தத் தரம் நிற்கவில்லை. மேக், பத்து நிமிஷம். திரும்ப இரகசியச் சொல். பட்டியலைத் திறந்து அடிக்கச் சொன்னேன். பிரிண்டர் ஒரு சத்தம் போட்டுவிட்டு, ஒரு வெறும் தாளை வெளியே தள்ளியது. அதைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் வெறுமை. அடுத்த தாளில் எழுத்து இருந்தது. முதல் வரியில் தலைவருடைய பெயர். பதினொன்று பத்து இருக்கும். ஒன்பது தாள். கடைசித் தாளில் மை மங்கல், ஆனால் வாசிக்கலாம். என் மனுசனுடைய பெயர் ஆறாம் தாளில், வள்ளத்து இலக்கத்தோடு. அதை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தேன், மை ஒட்டியது, எடுத்துவிட்டேன்.

தலைவர் தாள்களை வேட்டித் தலைப்பில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போனார். நான் மண்டபத்து வாசலில் இருந்தேன். மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தார். பட்டியலை எடுத்துவிட்டார்களாம். யார் அடித்தது என்று கேட்டார்களோ என்று கேட்டேன். கேக்கேல்லை அக்கா என்றார். கேட்கவில்லை என்பது அந்தக் காலத்தில் நல்ல செய்தி. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவையாக இருக்கவில்லை.

வீட்டுக்குப் போய், எடுத்திட்டாங்கள் என்று மட்டும் சொன்னேன். வலை வாசலில் தயாராகக் கிடந்தது. அவர் அதை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கூரை வளையில் தொங்கவிட்டார். சொன்ன சொல் அவருக்கும் சொல்தான்.

பாஸ் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்றரை மாதம் போல ஓடியது, பிறகு வேறு காரணம் சொல்லிக் கடலைப் பூட்டினார்கள், அதற்குப் பட்டியலும் உதவவில்லை, பாஸும் உதவவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய கதை இல்லை. ஒன்றரை மாதம் என்பது ஒன்றரை மாதம்தான்.

பாஸ் வந்த அடுத்த நாள் புதன்கிழமை, ஐந்து மணிக்கு அவர் வள்ளத்தைத் தள்ளினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் கடலில் நிற்கும்போது நான் கண் மூடினதில்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை, எனக்கு ஏலாது. ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டு முழித்திருப்பேன். அன்று அவரை அனுப்பிவிட்டு வந்து குசினி வாசலில் பாயைப் போட்டு முதுகைச் சாய்த்தேன், நோவுக்காக. எழும்பியபோது வெயில் காலில் சுட்டது. அடுப்படியில் தாச்சிக்குள் சூடை மீன் கிடந்தது, கழுவி, உப்புத் தடவி. அவர் எதிரில் கதிரையில் இருந்து வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தீர்கள், ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

“வந்து ஒரு மணித்தியாலம். நித்திரை கொள்ளு, இன்னும் நேரம் கிடக்கு,” என்றார்.

நான் திரும்பவும் படுத்துவிட்டேன்.